வேணு பாவாவின் விமானமும் என் காலும்

தந்தி வந்தபோது நான் ஆபீஸில் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா ராஜம்மாவின் கணவர் வேணுகோபால், பஸ் ஷெட்டிலேயே மார்வலி கண்டு காலமாகிவிட்டார் என்று அதில் இருந்தது. மிச்ச டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போன மாதம்தான், ஒரு தடவை திருத்தணி வந்துவிட்டுப் போகும்படி ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். வேலை இருக்கிறது என்று பதில் அனுப்பியிருந்தேன். அப்படி ஒன்றும் தலைபோகிற வேலை இல்லை.

அவரை மேஸ்திரி என்று அறிந்த டிரைவர்கள், கண்டக்டர்கள், பள்ளிப்பட்டு நெசவாளிகள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அவர் பாவா. யுத்தத்தின்போது விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். நானும் அதே படையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். கற்று முடிப்பதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. அவர் ஊர் திரும்பி பஸ் கம்பெனியில் மேஸ்திரி ஆனார். நான் வேலை தேடிக்கொண்டு அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தை என் முன்னால் விரித்தார். ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டக்கூடிய சின்ன விமானம். மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, சின்னதாக ஓர் என்ஜின். வீட்டிலேயே கட்டிவிடலாம் என்று போட்டிருந்தது. நமக்கெதற்கு இந்த வம்பு என்று கேட்டேன். "ரெண்டு பேரும் கத்துக்கினது துருப்பிடிச்சிகினு இருக்குது, அதுக்குத்தான்" என்றார்.

என்ஜினை யுத்தச் சாமான் ஏலத்தில் எடுத்தோம். சட்டங்களை இழைத்து, ஒட்டி, கொல்லைக் கொட்டகையில் எலும்புக்கூடாக நிறுத்தினோம். இறக்கைத் துணிக்குப் பள்ளிப்பட்டு போனார். அங்கே பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் நெய்ய மாட்டார்கள். நூல் அறுந்துவிடும். கஞ்சி இருந்தாலோ, துணியை இறுக்குவதற்காக அதன் மேல் பூசுகிற டோப் என்ற வார்னிஷ் பிடிக்காது. துணி முறுக்கேறாமல் தொங்கும். நெசவாளி விட்டுக்கொடுக்கவில்லை, இவரும் விடவில்லை. கடைசியில் கஞ்சியோடு நெய்த துணியை வாங்கிவந்து, அவரும் அக்காவும் கிணற்றடியில் நாள்கணக்கில் அலசினார்கள். கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க, துணி முனையை வாயில் போட்டு மெல்லுவார். "ராஜம்மா, இன்னும் சோத்து ருசி இருக்குது" என்று திரும்பவும் அவளிடமே நீட்டுவார். அக்கா முறைத்துவிட்டு மறுபடி அலசுவாள்.

கட்டி முடித்தபிறகும் அவருக்கு ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பார். இறக்கைத் துணியை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கிளம்பாத விமானத்துக்கு இவ்வளவு வைத்தியமா என்று நான் கிண்டல் செய்வேன். "பஸ்ஸுன்னா ரோட்டோரமா ஒதுக்கிட்டுப் பாக்கலாம். ஆகாசத்துல ஓரங்கட்ட எடம் ஏது?" என்பார். பட்டணத்திலிருந்து வந்து பார்த்த அதிகாரி குறையொன்றும் சொல்லாமல் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

கனகம்மாசத்திரம் பக்கத்தில், வேர்க்கடலை பிடுங்கிய வெற்று நிலம் ஒன்றைப் பிடித்திருந்தோம். அன்று காலை பாவா எல்லாவற்றையும் சோதித்து முடித்தார். அதற்குப் பிறகு பூஜை. புது வண்டி என்றால் விடுவார்களா? மலைக்கோயிலிலிருந்து வந்த ஐயர் கற்பூரம் காட்டினார். அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சக்கரம், என்ஜின், இறக்கை, பெட்ரோல் தொட்டி என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். இதற்குள் ராகுகாலம் நெருங்கிவிட்டது. எல்லோரும் சேர்ந்து அவசரப்படுத்தினார்கள். நானும் ஏறி உட்கார்ந்தேன், எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சக்கரம் உருண்டது.

அது பறந்தது. அதை மட்டும் நீங்கள் மறக்கக்கூடாது. வயலைச் சுற்றி இரண்டாவது வட்டம் வரும்போது என்ஜின் இருமியது, பிறகு நின்றே போய்விட்டது. எப்படியோ ஒரு வயலில் இறக்கினேன். வரப்பில் மோதி விமானம் கவிழ்ந்தது. என் வலது கால் முறிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த பாவா, கட்டிலருகே நின்றுகொண்டே பேசினார். பெட்ரோல் வரும் வழியில் மண் அடைத்துக்கொண்டிருந்தது, தான் சரியாகப் பார்க்கவில்லை, எல்லாம் தன் தப்பு என்றார். நான் நம்பினேன். ஊரும் நம்பியது.

அதற்கு அவர் கொடுத்த விலை என்னவென்று டிரைவர்களே, உங்களுக்குத் தெரியும். அவர் முடுக்கிய நட்டை அவர் தலை மறைந்ததும் இன்னொரு தடவை முடுக்கிப் பார்த்தீர்கள். மச்சான் காலை ஒடித்த மேஸ்திரி என்று ஷெட்டில் பேசிக்கொண்டீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பட்டணத்தில் வேலை கிடைத்துப் போனபிறகு, ஒவ்வொரு தடவை வரும்போதும் நொண்டிக்கொண்டே படியேறி, "பாவா, இன்னிக்கு மண்ணு கிண்ணு இல்லியே?" என்று கேட்பேன். வேடிக்கை என்று நினைத்துத்தான் கேட்டேன். அவரும் சிரிப்பார். இப்போது நினைத்தால் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மத்தியானம், அக்கா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். ஒடிந்த இறக்கைகள் சுவரில் சாய்ந்திருந்தன. நான் அவரைப் பற்றி எழுதப்போவது உண்மையா என்று கேட்டாள். உண்மைதான் என்றேன்.

"அப்பன்னா எம்பேரப் போட்டு எழுது. அது மண்ணு இல்லடா, சந்தனம்" என்றாள்.

பெட்ரோல் தொட்டியின் மூடியில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். ஓட்டை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காமல் என்ஜின் நின்றுவிடும். அக்கா வைத்த பொட்டு அந்த ஓட்டையின் மேல்தான் விழுந்திருந்தது.

"அன்னிக்கு சாயங்காலம் தொட்டி மூடிய மடியில வெச்சிகினு ஊசி கேட்டாரு. குடுத்துட்டுப் பக்கத்திலியே உக்காந்தேன். குத்தக் குத்த காஞ்ச சந்தனம் குங்குமத்தோட உதுந்துச்சு. நான் பாத்துட்டேன்னு அவருக்குத் தெரியும். மண்ணு அடைச்சிகினு இருக்குது ராஜம்மான்னாரு. ஆங்ன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதே இல்ல."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மொதல்ல பயம். தம்பி கால ஒடச்சவள்னு ஊரு சொல்லுமேன்னு. அப்புறம் அவரு சுமக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. ஷெட்டிலேந்து மொகம் செத்து வருவாரு. சோத்தப் போடுவேன். அவரு போற வரைக்கும் சோத்ததான்டா போட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் சொன்னபடியே அவள் பெயரைப் போட்டு எழுதிவிட்டேன். மேஸ்திரி எதையும் கவனிக்காமல் விடவில்லை என்று டிரைவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காக யாரும் என் அக்காவை ஒரு மாதிரி பார்க்கவேண்டாம். ஏழை பாழைகூட சைக்கிளுக்குப் பொட்டு வைக்கிற ஊர் இது. வேறு எவள் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பாள்.

பாவாவுடையதாக ஒரு பொருளையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா நீட்டிய கைக்கடிகாரத்தையும் வேண்டாம் என்றேன். எடுத்துக்கொண்டது அவருடைய ஒரு காரியத்தைத்தான். அக்காவின் பெயரைச் சொல்வது இதுவே முதலும் கடைசியும். இனிமேல் இந்தக் கால் எப்படி ஒடிந்தது என்று யார் கேட்டாலும், ஏறுவதற்கு முன்னால் மூடியைப் பார்க்கவேண்டியது ஓட்டுகிறவன் வேலை, நான் பார்க்கவில்லை என்று சொல்லப்போகிறேன். அவர் சொன்னது பொய். நான் சொல்லப்போவது பொய்யும் இல்லை.