சகலையின் சேணம்

சேலியமேட்டு உலகநாதனுக்கு மூன்று காணி கரும்பும், சிட்டு என்ற பெண் குதிரையும், ஒதியம்பட்டில் ஒரு சகலையும் உண்டு. கரும்பு அப்பா வழி வந்தது. சகலை ராஜ்மோகன், மனைவி மகாலட்சுமியின் தங்கை ருக்குமணியைக் கட்டிக்கொண்டு வந்தவர். குதிரையும் கணக்குப் பார்த்தால் சகலை வழியில் வந்ததுதான்.

ராஜ்மோகன் சிவப்பு கிரானைட் பதித்த ஆறாம் மாதம் உலகநாதன் வீட்டிலும் சிவப்பு கிரானைட். ராஜ்மோகன் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விட என்று கருப்பன் என்ற குதிரையை வாங்கினார். அடுத்த வருஷமே உலகநாதன் கொட்டகையில் சிட்டு கனைத்தது. ஆனால் கருப்பன் மேல் இருந்த சேணத்துக்கு மட்டும் உலகநாதனால் ஈடு கட்ட முடியவில்லை. அது பெங்களூர்ப் பந்தயக் குதிரை லாயத்திலிருந்து வந்தது. பாக்கு நிறத் தோல், பித்தளை ஆணி, முட்டியை அணைத்துப் பிடிக்கிற திண்டு. ஒருமுறை அதில் ஏறி உட்கார்ந்த உலகநாதன், இறங்கும்போது முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, "சுமாரா இருக்குது சகல" என்றார். அன்றிலிருந்து ஐந்து வருஷமாக அவருக்கு வயிறு சரியில்லை.

அவருடைய சேணம் தென்னை நார் அடைத்த வெறும் மெத்தை. மேலே சிவப்பு வெல்வெட். ஏறியவனுக்குத் தொடை உரியும். சிட்டுவிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும், யாரும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மகாலட்சுமியின் தம்பி அரிகரனுக்கு மதகடிப்பட்டு மண்டபத்தில் கல்யாணம் நிச்சயமானது. வங்கி வேலை, நல்ல உடம்பு, தொண்ணூற்றெட்டுக் கிலோ. அக்காள் வீட்டுக்காரர் இரண்டு பேரிடமும் குதிரை இருக்க, மாப்பிள்ளை எந்தக் குதிரையில் வருவான் என்பது குடும்பத்தின் பெரிய கேள்வியாகிவிட்டது. உலகநாதனுக்கு அது ஒன்றே கேள்வி. கருப்பன் ஏற வருபவரைக் கடிக்கும், சிட்டு சாது. எனவே அரிகரன் வங்கிக்காரனுக்கே உரிய தீர்ப்பைச் சொன்னான்.

"குதிரை உங்க குதிரை மாமா. சேணம் அந்த மாமாவோடது. ஒரு மாசம் முன்னாடியே வாங்கிப் பழக்கிடுங்க."

மச்சான் கேட்டால் மறுக்க முடியாது. ராஜ்மோகன் சேணத்தைக் கொடுத்துவிட்டு, கருப்பன் மேல் மடித்த போர்வையைக் கட்டி நடை பழக்கிக்கொண்டிருந்தார். உலகநாதன் தினமும் அந்தத் தோலில் உட்கார்ந்து பாகூர் ஏரிக்கரை வரை போய்வந்தார். வழக்கமாகப் பேசாதவர்களையும் வலிய நிறுத்திப் பேசினார். நாலாம் நாள் வாரை இறுக்கும்போது சிட்டு முதுகைப் பள்ளமாக்கி நழுவப் பார்த்தது. ஏழாம் நாள் அவர் தொப்பியைக் கடித்தது.

"புதுசு இல்லியா, பழகணும்" என்றார்.

"சேணமாங்க பழகணும்?" என்றாள் மகாலட்சுமி. "ருக்கு அன்னிக்கே சொன்னா, இதப் போட்டுப் போட்டுத்தான் கருப்பன் முதுகுல ரெண்டு பக்கமும் முடி வெள்ளையாப் போச்சின்னு."

"உன் தங்கச்சி சொல்லுவா. குடுத்துட்டு மனசு ஆறல, திருப்பி வாங்கப் பாக்குறாங்க."

பத்தாம் நாள் அரிகரன் ஏறிப் பார்க்க வந்தான். ஏறினான். தொண்ணூற்றெட்டுக் கிலோ மேலே அமர்ந்ததும் சிட்டு பக்கவாட்டில் நடந்துபோய் அவனை மாட்டுத் தொட்டிமேல் இறக்கிவிட்டது. அவன் வேட்டியை உதறிக்கொண்டு நேரே ஒதியம்பட்டுக்குப் போனான். மறுநாள் போன் வந்தது.

"கருப்பன் கன்னுக்குட்டி கணக்கா நிக்குது மாமா. கடியும் இல்ல ஒண்ணும் இல்ல. அதையே எடுத்துக்கிறேன். சேணத்த மட்டும் அந்த மாமா வூட்ல குடுத்துடுங்க."

உலகநாதன் போனை வைத்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார். மகாலட்சுமி கோலமாவு டப்பாவோடு கொட்டகைக்கு வந்தாள். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள். சிட்டுவின் பழுப்பு முதுகில் மாவைப் பரவலாகத் தூவி, சேணத்தை வைத்து, அவரை ஏறி இறங்கச் சொல்லி, எடுத்துக் காட்டினாள். பிடரி முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு மாவு அழுந்தி அழிந்திருந்தது. மற்ற இடத்திலெல்லாம் தூவியது தூவியபடியே இருந்தது.

"பந்தயக் குதிரைக்கு ஒடுக்கமாத் தச்சது. இதுக்கு முதுகு அகலம். ஒருத்தியோட அளவு ஜாக்கெட்ட வச்சி இன்னொருத்திக்குத் தச்சா இன்னா ஆவும்? உங்க மொத்த உடம்பும் இந்த ரெண்டு எடத்துலதான் உக்காந்துகினு இருக்குது."

உலகநாதனுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. ஐந்து வருஷமாகத் தான் பொறாமைப்பட்டது ஒரு புண்ணைப் பார்த்து. அந்தப் புண்ணைத் தானே கேட்டு வாங்கி வந்து, சகலையின் குதிரையைச் சாதுவாக்கி, தன் குதிரையைக் கெடுத்திருக்கிறோம். பிறகு இன்னொன்றும் விளங்கியது. சேணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். கருப்பன் மறுபடி கடிக்கும். அதுவும் மண்டப வாசலில், நாதஸ்வரத்துக்கு முன்னால், வீடியோவில்.

அன்று காலை முழுக்கத் தேங்காய் எண்ணெய் போட்டுச் சேணத்தைத் துடைத்தார். மகாலட்சுமி கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து சினிமாப் பாட்டு வந்து கேட்டதில்லை, அன்று கேட்டாள்.

மதியம் சேணத்தைப் பைக் டேங்கின்மேல் வைத்துக்கொண்டு ஒதியம்பட்டுக்குப் போனார். கருப்பன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. பிடரிக்குக் கீழே இரண்டு வெள்ளைத் திட்டுகள், உள்ளங்கை அளவு. அது உலகநாதனைப் பார்க்கவில்லை, டேங்கின் மேலிருந்ததைப் பார்த்தது. கயிறு விறைக்கும் வரை பின்னால் போனது. பின்னால் போக இடமில்லாமல் நின்றது. சேணம் இன்னும் பத்தடி தள்ளி இருக்கும்போதே முதுகுத் தோல் நடுங்கியது.

ராஜ்மோகன் லுங்கியோடு வெளியே வந்தார். "கொண்டாந்துட்டீங்களாண்ணே. மாப்பிள்ளைக்கு இது இருந்தாத்தான் எடுப்பு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ருக்குமணி சொன்னதை உலகநாதனே நம்பினாரா? அதே மாதிரி, பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். பேராசையில் கேட்டால் மட்டும் எல்லோரும் உடனே நம்புவார்கள்.

"குடுக்க வரல சகல," என்றார். "இதில உக்காந்து பழகிட்டேன். நானே வச்சிக்கிறேன். மாப்பிள்ளைக்கு என்னோட வெல்வெட் சேணத்த அனுப்பறேன்."

ராஜ்மோகன் லுங்கியை மடித்துக் கட்டினார். "காட்டத்தான் எடுத்துகினு வந்தீங்களா?"

"ஆமா."

கல்யாணத்தன்று கருப்பன் தொண்ணூற்றெட்டுக் கிலோவைத் தென்னை நார் மெத்தைமேல் வைத்துக்கொண்டு, வெடிச்சத்தத்துக்குக்கூடக் காது அசைக்காமல் மண்டபம் வரை வந்தது. பார்த்தவர்கள் ராஜ்மோகனின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். உலகநாதன் ஐஸ்கிரீம் வரிசையில் நின்று தன் சிவப்பு வெல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உள்ளுக்குள் எரிந்தது. தன் சேணத்தின் மேலேயே பொறாமைப்படுகிற கட்டத்துக்கு வந்துவிட்டார்.

"அந்தத் தோல் சேணம் உங்கள அப்படி இன்னா மாமா பண்ணுது?" என்று ருக்குமணி பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். மகாலட்சுமி இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவர் செய்த ஒரே தாராளம், குடும்பத்தில் அவருடைய அல்பத்தனத்துக்கு உதாரணமாக இன்றுவரை சொல்லப்படுகிறது.

வெல்வெட் சேணம் திரும்பி வரவில்லை. "அது கருப்பனுக்கு ராசிண்ணே, ரெண்டுக்கும் சரியாப் போச்சு" என்றார் ராஜ்மோகன். தோல் சேணம் இப்போது உலகநாதன் வீட்டு மதில்மேல் இருக்கிறது. சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் போன் பேசுவார். மதிலுக்கு வலிப்பதில்லை.

சிட்டுவுக்கு வேறு சேணம் வேண்டியிருந்தது. மகாலட்சுமி இன்ச் டேப்போடு கொட்டகையில் நின்று முதுகை அளந்து, காலண்டர் தாளில் வெட்டு வரைந்தாள். பிறகு உலகநாதனைத் திரும்பி நிற்கச் சொல்லி அவருக்கும் அளவெடுத்தாள்.

"கருப்பன் மேல இருக்கறத விட இது நல்லா வருமா?" என்று கேட்டார்.

அவள் வாயில் குண்டூசி இருந்தது.