அண்ணி சிவப்பாக்கிய திரை

மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தை நினைத்தால், எனக்கு இன்றும் முதலில் அண்ணியின் முதுகுதான் ஞாபகம் வருகிறது. சுவரில் தொங்கிய பெரிய திரைக்கு நேர் கீழே அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். யாருக்கும் பிடிக்காத இடம். எல்லோரும் திரையைப் பார்க்கும்போது தன்னையே முறைப்பது போல இருக்கிறது என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினார்.

அண்ணி, என் அண்ணனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு கெட்டிக்கார புரோகிராமர். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி நிமிர்வதற்குள் தொழிலில் பாதி தலைகீழாக மாறிவிட்டது. எல்லாம் மறந்துபோச்சு, இனி நான் லாயக்கில்லை என்று சமையலறையில் சொல்லிக்கொண்டே இருந்தவரை நான்தான் நச்சரித்து என் அலுவலகத்துக்கு இழுத்து வந்தேன். வேலை தற்காலிகம்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கலாம் என்றார் மேலாளர்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். மருத்துவமனையில் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் எழுதினோம். எடையைக் கொடுத்தால் அது மருந்தின் அளவைச் சொல்லும். அதன் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு குட்டி நிரல் எழுதுவோம். அதுதான் யூனிட் டெஸ்ட். பூட்டைப் பூட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. எல்லா டெஸ்ட்டும் தேறினால் திரை பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. நிரலில் எத்தனை சதவீதத்தை டெஸ்ட்டுகள் தொட்டு ஓட்டிப் பார்க்கின்றன என்ற எண்ணும் மூலையில் தெரியும். அது தொண்ணூறுக்கு மேல் நின்றால் மனிதர் சிரித்த முகமாக வலம் வருவார். கொஞ்சம் இறங்கினால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அண்ணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பச்சையைச் சும்மா நம்ப மாட்டார். நிரலில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்து, டெஸ்ட் சிவக்கிறதா என்று பார்ப்பார். சிவந்தால்தான் திருப்தி. தப்பைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஆமை வேகம். நானே பலமுறை கடுப்பாகியிருக்கிறேன்.

ஒரு நாள் மருந்தளவைக் கணக்கிடும் பகுதியில், பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டலைப் போட்டார். திரை பச்சையாகவே இருந்தது. எடையைக் கண்டுகொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே அளவைச் சொல்லும்படி மாற்றினார். அப்போதும் பச்சை. உள்ளே போய்ப் பார்த்தால், அந்த டெஸ்ட்டுகள் நிரலை ஓட மட்டும் விட்டன. வந்த விடை சரியா என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. பூட்டைத் தொட்டுவிட்டு நடையைக் கட்டின. எழுதியது யார் என்று கணினியே சொன்னது. மேலாளர் ஆவதற்கு முன்பு சதவீதமே எழுதியவை.

மறுநாள் மருத்துவமனைக்காரர்கள், வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, எங்கள் மென்பொருளைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த ஒப்பந்தம் கிடைத்தால்தான் அண்ணியின் வேலையும் நிலைக்கும். இப்போது கை வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. தான் செய்த தப்புகளைச் சரிசெய்தார், அந்த வெற்று டெஸ்ட்டுகளை அழித்தார், விடையைச் சரிபார்க்கும் புது டெஸ்ட் ஒன்றை எழுதி ஓடவிட்டார். திரை சிவந்தது. ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தையின் எடையை எங்கள் நிரல் முழுக் கிலோவாக எடுத்துக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த எண்ணோ அறுபதுக்குச் சரிந்திருந்தது.

சதவீதம் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். பழையவற்றைத் திரும்பப் போடுங்கள், நாளை ஒரு நாள் போகட்டும் என்று சத்தம் போட்டார். அண்ணி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"போடுறேன் சார். ஆனா அதுங்க எதையுமே சரிபார்க்கல. நீங்களே ஒருதடவை கணக்க உடைச்சுப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். பழையவற்றைப் போட்டு, கணக்கை உடைத்து ஓடவிட்டார். பச்சை. பிறகு எங்கள் முன்னாலேயே மருத்துவமனைக்குப் போன் செய்து, மருந்தளவில் பிழை இருக்கிறது, இன்னும் அவகாசம் வேண்டும் என்றார்.

அடுத்து வந்த வாரங்கள் எனக்குப் பொக்கிஷம். சதவீதம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எழுதினார். அவர் எழுதியதை அண்ணி உடைப்பார், அண்ணி எழுதியதை அவர் உடைப்பார். திரை சிவந்தால் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாது. அப்படி ஓர் அறை எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

மருத்துவமனை காத்திருக்கவில்லை. வேறு நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டது. ஆறு மாதம் முடிந்ததும் சதவீதம் அண்ணியைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்க முடியாமல், நிரந்தரமாக்க வழியில்லை என்றார்.

மாடிப்படி இறங்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று கத்திவிட்டேன். அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அந்தச் சின்னக் குழந்தை கணக்கு இருக்கே... அத வேற யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க, இல்ல?" என்றார்.

"மாட்டாங்க அண்ணி."

"அப்ப எனக்கு இன்னும் வேலை தெரியுது."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா, வேற எங்க ஆள் எடுக்கிறாங்கன்னு பார்ப்போம்."