பரிசத் தட்டுக்குக் கண்ணாடித் தாள்

ஒரே ஒரு காட்டில் ஒரே ஒரு மரம் இருந்ததாம்; அதைக் கூழாக்கிக் காரத்தில் கரைத்து, மெல்லிய பிளவு வழியே அமிலத் தொட்டிக்குள் விட்டார்களாம்; அது கண்ணாடித் தாளாக வெளியே வந்ததாம். அந்தத் தாளை ரவாங் ஊரில் ஒரு கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி விற்பவன் நான். கடையில் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு மீதி தானாகவே புரியும்.

கொளுத்திக் காட்டியது

புக்கிட் செந்தோசாவிலிருந்து மரகதம் அக்கா வந்தார். ஞாயிற்றுக்கிழமை இளைய மகனுக்குப் பரிசம். பெண் வீடு கோலா குபு பாருவில். மூத்தவன் பரிசத்துக்குத் தட்டுகளைத் தொளதொளவென்று சுற்றிக் கொண்டுபோனதை அந்த வீட்டுச் சம்பந்தியம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாராம். இந்த முறை தாள் விறைப்பாக நிற்க வேண்டும்.

"இதுவும் பிளாஸ்டிக்தானே, ஏன் இந்த வெலை?" என்றார். பேசி நம்பவைக்கும் குரல் எனக்கில்லை. ஒரு துண்டைக் கொளுத்தினேன். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். இது காகிதம்போல் எரிந்து சாம்பலானது. அக்கா நம்பிவிட்டார். முதலாளிதான் ஓடிவந்தார்: "சாமான் விக்கச் சொன்னா கடைக்கே கொள்ளி வைக்கிறியே தம்பி."

முறுக்கு நமத்தது

இரண்டு நாளில் அக்கா திரும்பி வந்தார். ஒத்திகையாகச் சுற்றிவைத்த முறுக்கு நமத்துவிட்டதாம். பூச்சில்லாத தாள் ஈரத்தை உள்ளே விடும், பழத்துக்கு அது போதும், முறுக்குக்குப் பூச்சுப் போட்டது வேண்டும் என்றேன்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பழத்தட்டுன்னுதானே சொன்னீங்க அக்கா."

பூச்சுத் தாளைப் பையில் திணித்தபடி சொன்னார்: "நமத்தாலும் பரவால்ல லா, புதுச் சம்பந்திக்குப் பல்லு பாதிதான் இருக்கு."

ஹேர் டிரையர்

ஞாயிறு காலை அக்கா பட்டுச் சேலையில், பழத்தட்டோடு வந்தார். வாசலில் வேன், அதில் மாப்பிள்ளையும் மீதி எட்டுத் தட்டும். பிளாஸ்டிக் சுற்றிய ஹாம்பர் பரிசுக்கூடையை ஹேர் டிரையரால் சூடுகாட்டி இறுக்குவார்களே, பழத்தட்டு கொஞ்சம் தளர்ந்திருந்ததால் அதற்கும் அதையே செய்திருக்கிறார். தாள் காய்ந்து நடுவே பிளந்துவிட்டது. பரிசத்துக்கு ஒற்றைப்படையில்தான் தட்டு போக வேண்டும்; இதை விட்டால் எட்டாகிவிடும். "இன்னொண்ணயும் கொறச்சு ஏழாக்கிடுங்களேன்" என்றார் முதலாளி. அக்கா பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

ஒருமுறை கூரை ஒழுகி நனைந்த தாள், காய்ந்ததும் இறுகியதைப் பார்த்திருக்கிறேன். பூச்சில்லாத புதுத் தாளை ஈரத் துணியால் துடைத்து, தட்டின்மேல் போர்த்தி இழுத்துக் கட்டினேன். தொங்கியது. "பரிசத்துக்குப் போற தட்டக் குளிப்பாட்டுறான் பாரு" என்றார் அக்கா. விசிறியைத் தட்டுப் பக்கம் திருப்பினேன். இருவரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அக்கா விரலால் தட்டினார். உறுமி மேளம்போல் சத்தம் வந்தது.

நன்றியெல்லாம் சொல்லவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு, "யாரு கேட்டாலும் நாந்தான் சுத்துனேன்னு சொல்லுவேன், நீ வாயத் தொறக்காத" என்று படியிறங்கிப் போனார்.

உள்ளே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும், சுற்றியவன் மட்டும் தெரியவே கூடாது என்பதுதான் எங்கள் தொழில்.