துளசிமணி அக்காவின் பிளஸ் டூ

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. யாழினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது அங்கன்வாடி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "நம்ம ஆயா இறந்துட்டாங்க" என்று ஒருவர் போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். உடுமலைப்பேட்டையில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். வயது நாற்பத்து நான்கு. என் கண் "ஆயா" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. அந்தச் சொல்லிலிருந்து வெளியே வரத்தான் அவர் இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நம் தெருவில் துளசிமணி அக்காவை அறியாத வீடு இல்லை. ஆனால் அவர் படித்துக்கொண்டிருந்தது பலருக்குத் தெரியாது. அங்கன்வாடியில் அவர் உதவியாளர். சமைப்பது, கூட்டுவது, பிள்ளைகளைக் கழுவிவிடுவது எல்லாம் அவர் வேலை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிடும் பணியாளர் இடத்துக்கு வர வேண்டுமானால் பிளஸ் டூ வேண்டும். பள்ளிக்கூடம் போகாமல், டியூஷனும் வைக்காமல், தனித்தேர்வராகப் பதிந்து முதலில் பிளஸ் ஒன், இந்த மார்ச்சில் பிளஸ் டூ என்று எழுதினார். இந்த அஞ்சலியை நான் ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மையில், பரீட்சை முடிவு வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அவரிடம் நான் முதன்முதலாகப் பேசியது சண்டை போடத்தான். யாழினியை அங்கன்வாடியில் சேர்த்த முதல் மாதம். ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவள், "வீக்கம், வீக்கம்" என்றாள். கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. சட்டையைக் கழற்றிக் கழுத்து, அக்குள், முழங்கால் என்று ஓர் இடம் விடாமல் தடவிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கேயும் ஒன்றும் இல்லை. அவளோ சிரித்துக்கொண்டே "வீக்கம்" என்கிறாள். மறுநாள் காலை நேரே போய், "குழந்தை எங்கியாச்சும் விழுந்தாளாங்க? வீக்கம் வீக்கம்ங்கறா. நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, அது பணவீக்கமுங்க."

"என்னது?"

"பொருளியல்ல வருதுங்களே, அது. மத்தியானம் புள்ளைங்களைத் தூங்க வெக்கறப்போ பாடத்தைத் தாலாட்டு மாதிரி ராகம் போட்டுப் படிப்பேனுங்க. எனக்கும் படிச்ச மாதிரி ஆச்சு, அதுகளும் தூங்கிப்போடும். உங்க பொண்ணு மட்டும் தூங்காமக் கேட்டுட்டுக் கெடந்திருக்கறா."

சத்துமாவுப் பாக்கெட்டுகளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அட்டைக்கு நாள்காட்டித் தாள் போட்டிருந்தது. நான் எம்.ஏ. பொருளியல். படித்துவிட்டுக் குழந்தை பிறந்ததும் வீட்டில் உட்கார்ந்தவள். வெட்கத்தை மறைக்க, "நான் வேணா உங்களுக்குச் சொல்லித் தரட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாமுங்க கண்ணு" என்றார் உடனே. "நீங்க சொன்னா நல்லாத்தான் புரியும். பொறகு ஊட்டுக்குப் போயித் தனியா ஒக்காந்தா, புரிஞ்சது உங்களுக்குத்தான், எனக்கு இல்லைன்னு ஆயிப்போகும். கேள்வி மட்டும் கேளுங்க. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க. எது சரின்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அதன்பின் வாரம் இரண்டு நாள், பிள்ளைகள் போன பிறகு, அங்கன்வாடிப் பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அவர் தேவையையும் அளிப்பையும் மாற்றிச் சொல்வார். "தப்புங்க" என்பேன். யோசிப்பார். மின்விசிறியைப் பார்ப்பார். எனக்கு நாக்கு துறுதுறுக்கும். "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போங்க, போயித் தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்று என்னை எழுப்பி விட்டுவிடுவார். குடித்துவிட்டு வருவதற்குள் பாதி நாள் சரியான பதிலோடு உட்கார்ந்திருப்பார். மீதிப் பாதி நாள் அதே தப்போடு அடுத்த வாரமும் வருவார். அவருக்கு அதில் கூச்சமே கிடையாது.

வகுப்புக்குப் போகாமல் படிப்பவர்களுக்கு நடக்கும் சங்கடங்கள் அவருக்கும் நடந்தன. காந்திபுரத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வரலாற்றுப் புத்தகத்தை இரண்டு மாதம் கரைத்துக் குடித்தார். அது மாறிப்போன பாடத்திட்டத்தின் புத்தகம் என்று நான்தான் கண்டுபிடித்தேன். சொல்ல மனம் வராமல் ஒரு வாரம் வைத்திருந்து சொன்னேன். கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "போச்சாதுங்க, போனாப் போகட்டும். பழசும் வரலாறுதானுங்களே" என்றார். அடுத்த நாளே புதுப் புத்தகம் வந்துவிட்டது.

ஆங்கிலம்தான் பெரிய பாடு. சொற்களைக் கண்ணால் மட்டுமே அறிந்தவர் அவர். யாரும் சொல்லிக் காதால் கேட்டதில்லை. "இஸ்லாண்டு" என்று படிப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அக்கா, அது ஐலாண்டு" என்று சொல்லிவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இஸ்லாண்டுன்னு படிச்சாத்தானுங்க ஸ்பெல்லிங் வருது. உங்களாட்டம் படிச்சா நடுவுல இருக்கற எஸ்ஸை எங்க கொண்டு போயி வெக்கறது?"



ஆங்கிலப் பரீட்சை அன்று என் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். பேனா இரண்டு இருக்கிறதா, ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். பள்ளி வாசலில் காவலாளி அக்காவை மறித்து, "அம்மா, புள்ளைய உட்டுட்டு வெளிய நில்லுங்க" என்றார். அக்கா என்னைக் கைகாட்டி, "புள்ள வெளியதானுங்க நிக்குது. நான் எழுதப் போகோணும்" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினார். காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தனித்தேர்வருங்களா" என்று வழிவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தவரிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கத் தொடங்கினேன். கையமர்த்தினார். "எழுதிப்போட்டேனுங்க. இனி திருத்தறவருக்குத்தான் பரீட்சை. பசிக்குது, வாங்க" என்றார்.

அதற்கு அடுத்த மாதம் அவர் இல்லை.

முடிவு வந்த அன்று மாலை அவர் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சரக்கு ஆட்டோ ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ஹால் டிக்கெட். "அம்மணி, இதைப் போட்டுப் பாத்துச் சொல்றீங்களா?" என்றார். பதிவெண்ணைத் தட்டினேன். தமிழ், வரலாறு, பொருளியல் எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண் போதவில்லை.

"இங்கிலீசாங்க?" என்றார்.

"ஆமாங்ணா. நாலு மார்க்கு."

"நாலு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இருந்திருந்தா இந்நேரம் அடுத்த பரீச்சைக்கு எழுதிப் போட்டிருப்பா."

பிறகு தரையைப் பார்த்தபடி கேட்டார். "சொந்தக்காரங்க எல்லாம் கேட்டுட்டே இருக்கறாங்க. பாஸ் பண்ணிட்டான்னு சொல்லிப்போடட்டுங்களா? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"சொல்லுங்கண்ணா" என்ற வார்த்தை என் வாய்க்குள் தயாராக இருந்தது. அந்த நேரத்தில் யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எப்படியோ சொல்லாமல் இருந்தேன். "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கி முழுவதும் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"வேண்டாமுங்க" என்றார். "அவ எழுதாத மார்க்கை நாம போடக்கூடாது. இங்கிலீசு மட்டும் பாக்கின்னே சொல்லிப்போடறேன்."

ஹால் டிக்கெட்டை உறைக்குள் பத்திரமாக வைத்து, சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, "வாரேனுங்க" என்று கிளம்பினார்.

ஆகவே, இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு: துளசிமணி அக்கா பிளஸ் டூ முடிக்கவில்லை. ஒரு பாடம் பாக்கி. அப்படியே சொல்லுங்கள். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நான் பயந்த சுபாவக்காரி. யாழினி கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறவள். நாலரை வயதாகியும் ஊட்டிவிடுகிறேன். அது ஒரே நாளில் மாறாது. ஆனால் அக்காவிடமிருந்து ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்: "தப்பு" என்று சொன்ன பிறகு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் அந்த நேரம். நேற்றுக் காலை யாழினி தானே சட்டை போடுகிறேன் என்றாள். முதல் பொத்தானை இரண்டாவது துளையில் மாட்டினாள். "தப்பு" என்றேன். அவள் காதில் வாங்காமல் வரிசையாக மாட்டிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு பொத்தான் மீந்தது. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கைகளை மடியிலேயே வைத்திருந்தேன். இந்த ஜூனில் அவளைச் சேர்த்த பள்ளியின் வேன் வரும் நேரம்தான். அவள் எல்லாப் பொத்தான்களையும் கழற்ற ஆரம்பித்தாள்.