சாமி முன்னால் இருந்த வாஷர் டப்பா

ஸ்ரீராம்புரத்தில் முனிகிருஷ்ணன் வீடு எது என்று கேட்டால் யாரும் நம்பர் சொல்ல மாட்டார்கள். பெட்ரோல் வாசனை அடிக்கிற வாசலில் நில்லுங்கள் என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் ஃபாக்டரியில் லேத் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் வாசற்படியில் உட்கார்ந்து, ஊரார் மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டரைப் பிரித்துப் பீங்கான் தட்டில் கழுவுவான். பெட்ரோல் பாயும் ஊசித்துளையான ஜெட்டில் அடைத்த மண்ணை வாயால் ஊதியே எடுத்துவிடுவான். அவன் மூச்சுக்கு அப்படி ஒரு பேர். தான் பூட்டிய வண்டியில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்ற கர்வமும் அவனுக்கு உண்டு. அந்தக் கர்வத்துக்குத்தான் அந்த வருஷம் ஆயுத பூஜை வந்து வாய்த்தது.

சீனாச் சண்டைக்கு முந்தின வருஷம் அது. முதல் நாளே அவன் மனைவி யசோதா ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், வாஷர் போட்டுவைக்கும் தகர டப்பா எல்லாவற்றையும் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, குங்குமம் வைத்துவிட்டாள். பூஜைக்கு மறுநாள்தான் எடுக்க வேண்டும். அதில் அவள் மகா கண்டிப்பு.

பூஜையன்று காலை அவளுடைய அண்ணன் பச்சைமுத்து, உலக யுத்தம் முடிந்து பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு தெரு தள்ளி வீடு.

"மாப்ள, நின்னு நின்னு போவுது. பன்னெண்டு மணிக்குப் பூஜை போடணும். ஓடாத வண்டிக்கு எப்டி போடறது? ஜல்தி பாரு."

"இன்னைக்குச் சாமான் தொடக்கூடாதே, மச்சான்."

"வண்டியிலயே ஸ்பானர் இருக்குது. உன்னோடத தொடாதே, அவ்ளோதான். சும்னே பயப்படறியே."

சாமியையே சமாளித்துவிட்ட தோரணையில் இருவரும் சிரித்தார்கள். முனிகிருஷ்ணன் ஜெட்டை ஊதினான், அடைப்புப் போயிற்று. திரும்பப் பூட்டும்போதுதான் பார்த்தான், பெட்ரோல் நிற்கிற கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் ஃபைபர் வாஷர் காய்ந்து, ஓரம் வெடித்திருந்தது. புது வாஷரெல்லாம் தகர டப்பாவில். உள்ளே யசோதா படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழையதையே போட்டு இறுக்கினான். ஒழுகவில்லை. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

பச்சைமுத்து உதைத்தான். வண்டி நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் படபடவென்று ஆடி, பிறகு தெருமுனை திரும்பிப் போயிற்று.

தட்டை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். வண்டி நின்ற மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டு மோந்து பார்த்தான், பெட்ரோல். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சைக்கிளுக்குக் கற்பூரம் காட்டினார்கள். மச்சான் மகள் கோமளத்துக்கு மூன்று வயசு. வருஷா வருஷம் அவளை வண்டி டாங்கின் மேல் உட்கார வைத்துத்தான் கற்பூரம் சுற்றுவார்கள்.

ஓடினான். வாசலுக்கு வாசல் தள்ளுவண்டி, தையல் மிஷின், சைக்கிள். எல்லாவற்றுக்கும் முன்னால் நெருப்பு. உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்து, முட்டி பேர்ந்து, எழுந்து ஓடினான்.

கோமளம் தலை நிறையப் பூவோடு டாங்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா சந்திரம்மா கற்பூரம் எரிகிற தட்டோடு என்ஜின் பக்கம் குனிந்துகொண்டிருந்தாள். அடியில் மண் நனைந்து கறுத்திருந்தது. கத்தினால் அவள் கை ஆடும். தட்டிவிட்டால் நெருப்பு கீழேதான் விழும். முனிகிருஷ்ணன் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, தன் பக்கம் இழுத்து, ஒரே மூச்சில் ஊதி அணைத்தான்.

"அய்யோ! சாமி நெருப்ப வாயால ஊதிட்டியே தம்பி! எங்க குடும்பம் வெளங்குமா?" சந்திரம்மா அழுதேவிட்டாள். பச்சைமுத்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"அடிக்கறதுன்னா அடி மச்சான். மொதல்ல கொழந்தைய எறக்கு. ஒழுகுது. வாஷர் வெடிச்சது தெரிஞ்சேதான் போட்டேன்."

பச்சைமுத்து என்ஜினுக்கு அடியில் கையை விட்டு எடுத்தான். விரலிலிருந்து சொட்டியது. மகளை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அந்த வீட்டில் யாரும் அன்று கற்பூரம் ஏற்றவில்லை.

முனிகிருஷ்ணன் வீடு திரும்புவதற்குள் சேதி முன்னால் போய்விட்டது. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றான். வாஷர் டப்பாவுக்குக் கையை நீட்டப் பயம். யசோதாவே அந்தத் தகர டப்பாவைக் குங்குமத்தோடு எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?" என்றாள். கேட்டுவிட்டு, கொடுத்திருப்போமா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகும் ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானும் சாமி முன்னால் போகும். வாஷர் டப்பா மட்டும் வாசற்படியில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். அதை அங்கே கொண்டுபோய் வைப்பவள் யசோதா.