சுவரைப் பார்த்த கூட்டம்

தையல் கம்பெனியில் மாதாமாதம் முதலாளி ஒரு கூட்டம் போடுவார். மைக்கை நீட்டி, "குறை இருந்தா தாராளமா சொல்லுங்கம்மா" என்பார். எவளாவது வாய் திறந்துவிட்டால், அடுத்த வாரம் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அப்புறம் எல்லாரும் கப்சிப். குறையே இல்லாத கம்பெனி என்று முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் காஜா அக்கா. சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பவள், புருஷன் போனபின் ஒற்றை மகளைத் தனியாளாக வளர்த்தவள். சாப்பாட்டு நேரத்தில் உடை மாற்றும் அறையில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பேசுகிறவள் பின்னால் நின்று பேசுவாள். யாரும் திரும்பக் கூடாது, வெளியே போய் அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. "யார் சொன்னது?" என்று மேலிடம் உலுக்கினால், "சத்தியமா பாக்கலை சார்" என்று தலையில் கை வைத்துச் சொல்லலாம். கெட்டிக்காரிதான்! ஒரே நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்திக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வாங்கியதெல்லாம் அங்கே எடுத்த முடிவு.

ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல். "சூப்பர்வைசர் என்னைத் தனியா ஸ்டோருக்கு வரச் சொல்றாரு. போனா கதவைச் சாத்திடறாரு..." அதற்கு மேல் அழுகைதான்.

அதே கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் காஜா அக்கா மகளின் குரல். திரும்பி மகளைக் கட்டிக்கொள்ளத் துடித்தாள் காஜா அக்கா. ஆனால் தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினால், நாளைக்கு எவள் நம்பிப் பேசுவாள்? சுவரையே வெறித்தாள். "இனிமே ஸ்டோருக்கு நாலு பேராப் போவோம்" என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னாள்.

வீட்டிலும் கேட்கவில்லை. மகளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். தலை வாரிவிட்டாள், பிடித்ததைச் சமைத்துப் போட்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை. நாலு பேராகப் போனதும் சூப்பர்வைசர் வாலைச் சுருட்டிக்கொண்டான். கூட்டம் ஜெயித்துவிட்டது. மகள்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, வெளியூரில் ஒரு கடையில் வேலை கிடைத்ததென்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

பஸ் நிலையத்தில் காஜா அக்காவால் தாங்க முடியவில்லை. "அன்னைக்குப் பேசினது நீதான்னு எனக்குத் தெரியும்டி" என்று அழுதாள்.

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுமா? அம்மாவுக்கு என் குரல் அடையாளம் தெரியலை போலன்னுதான் இத்தனை நாளா மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன்."

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்க அம்மா நீட்டிய கையை விலக்கிவிட்டு ஏறிக்கொண்டாள்.