அட்டைப்படத்தில் செல்வமேரி

காகிதத்தில் இருபத்திரண்டு ஜோடிகளைச் சேர்த்துவைத்த காந்திமதி, ஒரு தடவைகூட யாரையும் காதலித்தது கிடையாது. பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், கல்யாணம் ஆயிற்று. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு, கிண்டியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். பெண்டாட்டி எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காமல் பத்து வருஷம் குடும்பம் நடத்தினார். டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் ஸ்கோர் வந்தால் போதும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே அவருக்கு மறந்துவிடும்.

பிறகு மாத நாவல்களில் எழுதக் காதலுக்கு எங்கே போவாள்? பாதி சினிமா கொட்டகையில் கிடைத்தது. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் மேட்னிக்கு ஓடுவாள். சண்டை வந்தால் முறுக்கு தின்பாள். காதல் காட்சி வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, கதாநாயகி எந்த வார்த்தைக்கு முகத்தைத் திருப்பினாள், எதற்கு அழுதாள் என்று இருட்டிலேயே டிக்கெட்டின் பின்பக்கம் கிறுக்குவாள். வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டுப் போடும்போது அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

மீதிப் பாதி மின்சார ரயிலில், லேடீஸ் பெட்டியில் கிடைத்தது. தாம்பரத்தில் ஏறி கிண்டியில் இறங்குவதற்குள் பெண்கள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். காந்திமதி "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். அதை அவளைப் போலக் கேட்க ஆள் கிடையாது. அப்புறம் பேரை மாற்றுவாள், ஊரை மாற்றுவாள், சாமியை மாற்றுவாள். ஊரப்பாக்கத்து நர்ஸின் கதை கோயம்புத்தூர் டீச்சரின் கதையாகிவிடும். அந்த நர்ஸே நாவலை வாங்கிப் படித்துவிட்டு, தன் கதை என்று தெரியாமல் இவளிடம் வந்து அழுதிருக்கிறாள். அதில் காந்திமதிக்கு ஏகப்பட்ட பெருமை.

எண்பத்தேழாம் வருஷம் அவளுக்குச் செல்வமேரி கிடைத்தாள். கிடைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், காந்திமதி அப்படித்தான் நினைத்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, இவளுடைய கம்பெனியிலேயே டைப்பிஸ்ட், இருபத்தைந்து வயது. மேலுதட்டுக்கு மேலே மிளகளவு மச்சம். கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ரத்தினத்தின்மேல் உயிராக இருந்தாள். அவன் இந்து. அவளுடைய அப்பா சவுரிமுத்து மாதா கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். அண்ணன் அந்தோணிசாமி ஆட்டோ ஓட்டுகிறவன். அப்பனும் மகனும் வாயைத் திறப்பதற்கு முன்னால் கையை ஓங்குகிற ரகம்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில், பல்லாவரம் தாண்டும்போது, அவள் திட்டத்தைச் சொன்னாள். நவம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, ரிஜிஸ்தர் கல்யாணம். அன்றைக்குக் கல்லறைத் திருநாள். வீட்டில் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்விடுவார்கள். ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவள் கிளம்பிவிடுவாள். சாட்சிக் கையெழுத்துப் போட ரத்தினத்தின் பட்டறையிலிருந்து இரண்டு பேர், இவள் பக்கம் காந்திமதி.

"எனக்கு நீங்க ஒருத்தர்தான்க்கா. அன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது."

"சத்தியமா சொல்ல மாட்டேன்டி," என்று அவள் தலையில் கைவைத்தாள் காந்திமதி. "அப்புறம்?"

வாயால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் எழுதி முடித்துவிட்டாள். செல்வமேரி நாவலில் செண்பகவல்லி ஆனாள், லேத் பட்டறை அச்சகம் ஆயிற்று, மாதா கோயில் பெருமாள் கோயில் ஆயிற்று. கல்லறைத் திருநாளை அமாவாசை ஆக்கினாள். வீட்டார் தர்ப்பணத்துக்குக் கடற்கரைக்குப் போகிற நேரம் பெண் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போகிறாள், சாட்சிக்கு ஒரு அக்கா வருகிறாள். நாவல் டிசம்பர் மாதத்துக்கு என்று பேச்சு. அதற்குள் இவர்கள் கல்யாணம் முடிந்து குடித்தனமே ஆரம்பித்திருப்பார்கள், இதில் என்ன தப்பு என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஓவியரோடுதான் தகராறு. அவர் வரைகிற கதாநாயகிகள் எல்லாரும் ஒரே நடிகையின் அக்கா தங்கைகள் மாதிரி இருப்பார்கள். இந்த முறை புது முகமாக இருக்கட்டும் என்று, ஆபீஸில் வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனபோது எடுத்த செல்வமேரியின் போட்டோவைக் கொடுத்தாள். சாடை இருந்தால் போதும் என்றும் சொன்னாள். மனுஷர் அன்றைக்கென்று பார்த்து மனசு வைத்து வரைந்திருந்தார். மச்சத்தைக்கூட விடவில்லை.

செப்டம்பர் கடைசியில் பதிப்பாளர் பக்தவச்சலம் ஆபீஸுக்கே போன் செய்தார். தீபாவளி மாத நாவல் எழுத வேண்டியவர் டைபாய்டில் படுத்துவிட்டாராம்.

"தீபாவளி இதழும்மா. டபுள் காப்பி அடிக்கிறோம். உங்களதைப் போட்டுடட்டுமா?"

பத்து வருஷமாகத் தீபாவளி மாதத்தை ஆண் எழுத்தாளர்களுக்கே கொடுத்துவந்தார். அட்டைப்படம் மட்டும் கொஞ்சம் மாற்ற முடியுமா சார் என்று காந்திமதி கேட்டாள். மாற்றலாம், ஆனால் தீபாவளிக்கு வராது, முன்பு பேசியபடி டிசம்பருக்கே விட்டுவிடலாம் என்றார். நாலு மேசை தள்ளி செல்வமேரி தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே, "சாடைதானே சார், போட்டுடுங்க," என்றாள் காந்திமதி. இதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிஷம்கூட இருக்காது.

அக்டோபர் முதல் வாரம் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் கயிற்றில் கிளிப் போட்டுச் செல்வமேரி தொங்கினாள். ஸ்டேஷன் புத்தகக் கடையில் ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலில் ஏறிய செல்வமேரி, அதைக் காந்திமதியின் மடியில் வைத்தாள்.

"அக்கா, இது நான்தானே?"

"எல்லாப் பொண்ணும் ஒரு சாடையிலே இப்படித்தான்டி இருப்பா. பேரை மாத்திட்டேன், மதத்தை மாத்திட்டேன், நாளை மாத்திட்டேன். யாருக்குத் தெரியப்போறது?"

"மச்சம்கூட இருக்கேக்கா."

கிண்டியில் காந்திமதிக்காக நிற்காமல் அவள் முன்னால் இறங்கிப் போய்விட்டாள். நாலாம் நாள் வேலைக்கு வரவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று அண்ணன்காரன் ஆபீஸ் வாசலில் லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் போனான். அம்மை என்பதைக் காந்திமதி நம்பினாள். நம்புவதுதான் வசதியாக இருந்தது. தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் பத்து நிமிஷ பஸ். ஒரு நாள் போய் எட்டிப் பார்த்திருக்கலாம். வாசகர் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. பயம் இருந்தது, அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதினாள்.

நவம்பர் இரண்டாம் தேதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போனாள். ரத்தினம் புதுச் சட்டையில், கையில் இரண்டு மாலையோடு வாசலில் நின்றான். பட்டறை நண்பர்கள் இரண்டு பேரும் கூடவே இருந்தார்கள்.

"ஒரு மாசமா மேரியைப் பாக்கலக்கா. அம்மைன்னு கேள்விப்பட்டேன். இன்னிக்கு எப்படியும் வந்துடும். கல்லறைக்குப் போற கூட்டம், பஸ்ஸு கெடைச்சிருக்காது," என்றான். அப்புறம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "உங்க புக்கு பாத்தேன்க்கா. அட்டைல மேரி மாதிரியே கீது. பட்டறைல அல்லாருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்."

காந்திமதியும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்தோணிசாமி மட்டும் இறங்கினான். கையில் அந்தப் புத்தகம். ரத்தினம் என்று ஒருவன் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளாமல் நேராகக் காந்திமதியிடம் வந்து கும்பிட்டான்.

"வணக்கம்க்கா. நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு புக்குலயே போட்டுக்கீது." குரலில் அப்படி ஒரு மரியாதை. "எங்க முக்குக் கடைல தொங்கிகினு இருந்துச்சு. இன்னாடா தங்கச்சி மூஞ்சின்னு வாங்கினேன். நாலு தபா படிச்சேன்க்கா. அமாவாசைக்கு அல்லாரும் செத்தவங்களுக்குச் செய்யப் போவாங்க, அந்த நேரம் பாத்துப் பொண்ணு ஓடிடும்னு எழுதிக்கிறீங்க. எங்க வூட்ல அமாவாசை ஏது? கல்லறைத் திருநாதான். அப்பாகிட்ட சொன்னேன், அவரும் ஆமான்டாரு."

"மேரி எங்க?" என்றான் ரத்தினம்.

அந்தோணிசாமி அவன் பக்கம் திரும்பவில்லை. பதிலையும் காந்திமதிக்கே சொன்னான்.

"மூணு ஞாயித்துக்கெழமை படிக்க வேண்டிய கல்யாண ஓலையை ஒரே ஞாயித்துக்கெழமை கோயில்ல படிக்க வெச்சு, போன புதன்கெழமை கட்டிக் குடுத்துட்டோம்க்கா. திருச்சி பக்கம். மாப்புளைக்கு ரெண்டாந்தாரம், வளந்த புள்ளைங்க ரெண்டு. அவசரத்துல தேடுனா வேற இன்னா கெடைக்கும்? அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. நீங்க எழுதலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

ரத்தினத்தின் கையிலிருந்து மாலைகளை நண்பன் ஒருவன் வாங்கிக்கொண்டான். ரத்தினம் அந்தோணிசாமியைப் பார்க்கவில்லை. புத்தகத்தையே பார்த்தான், பிறகு காந்திமதியைப் பார்த்தான். அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒரு கையெழுத்து போடுங்கக்கா," என்று அந்தோணிசாமி புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்த பேனாவையும் நீட்டினான்.

ஓடியிருக்கலாம். புத்தகத்தைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்திருக்கலாம். அவளுடைய கதாநாயகிகளில் ஒருத்தியாவது அப்படிச் செய்திருப்பாள். காந்திமதி பேனாவை வாங்கிக்கொண்டாள். எல்லா வாசகர்களிடமும் கேட்கிற கேள்வி தானாகவே வாயில் வந்தது.

"யார் பேருக்குப் போடணும்?"

"மேரி பேருக்கே போடுங்க. ஞாயித்துக்கெழமை போய்ப் பாக்கும்போது குடுக்கறேன்."

ரத்தினத்தின் பக்கம் திரும்பாமல், புத்தகத்தை ஆபீஸ் சுவரில் வைத்துக்கொண்டு, அன்புள்ள செல்வமேரிக்கு என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கீழே அன்றைய தேதியையும் போட்டாள்.